இனம், பால், பெயர் – வகுப்பறைக்குள் வரும் சில சொற்கள்

மாணவர் சேர்க்கை விண்ணப்பத்தில் பெயருக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் 'பால்' என்றும் மற்றொன்றில் 'இனம்' என்றும் அச்சிட்டிருக்கும். 'பால்' கட்டத்தில் ஒரு குழந்தை 'பாண்லே' என்று எழுதிக் கொடுத்ததாக எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கதை உண்டு. நடந்ததோ, யாரேனும் கட்டிவிட்டதோ தெரியாது. நடந்திருந்தால் அந்தக் குழந்தைமேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை நாம் விளக்கிச் சொல்லாதபோது, காலையில் வீட்டுக்கு வரும் பாக்கெட்டைத்தான் அது நினைக்கும்.

இந்த இரண்டு சொற்களையும் அவற்றைச் சுற்றி வளர்ந்துள்ள வேறு சில சொற்களையும் வகுப்பில் எப்படிப் பேசுவது என்பது பற்றியே இக்கட்டுரை. நான் தமிழாசிரியர். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமப் பள்ளிகளில் பணியாற்றுபவன். எங்கள் பிள்ளைகளின் வீட்டில் புத்தகம் குறைவு. ஆனால் கைப்பேசி இருக்கிறது. 'ரேசிசம்', 'எல்ஜிபிடி', 'டிரான்ஸ்' போன்ற சொற்கள் நம்மிடம் வருவதற்கு முன்பே அவர்களிடம் வந்துவிடுகின்றன. பெரும்பாலும் கேலியோடு சேர்ந்தே வருகின்றன. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, ரேசிசம்னா சாதி பாக்கிறதா?" நல்ல கேள்வி. ஒரே சொல்லில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் 'இனம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இனம்: ஒரு சொல், பல வேலை

எட்டாம் வகுப்பில் ஒரு சிறு செயல்பாடு கொடுத்தேன். ஒரு வாரம் 'இனம்' என்ற சொல் எங்கெல்லாம் கண்ணில் படுகிறது, காதில் விழுகிறது என்று குறித்து வர வேண்டும். தமிழ் வகுப்பிலிருந்து வல்லினம், மெல்லினம், இடையினம் வந்தன. ககரத்துக்கு ஙகரம் இன எழுத்து என்பதும் வந்தது. அறிவியலிலிருந்து சிற்றினம், பேரினம், இனப்பெருக்கம். வரலாற்றிலிருந்து ஆரிய இனம், திராவிட இனம். செய்தியிலிருந்து கறுப்பினத்தவர், இனப்படுகொலை. சாதிச் சான்றிதழிலிருந்து பிற்படுத்தப்பட்ட இனம். ஒரு மாணவி தன் ஆயா அடிக்கடி சொல்லும் 'இனசனம்' என்ற சொல்லை எழுதி வந்தாள். எனக்கு அதுதான் பட்டியலிலேயே சிறந்ததாகத் தோன்றியது. சொல்லின் அடிப்பொருள் அங்கேதான் இருக்கிறது: சேர்ந்தவர்கள், நம்மோடு ஒன்றாக இருப்பவர்கள்.

இவ்வளவு பொருள்களை ஒரே சொல் சுமப்பதால்தான் குழப்பம். அறிவியலில் மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம். செய்தித்தாளில் மனிதர்கள் பல 'இனங்கள்'. இரண்டும் ஒரே பிள்ளையின் பையில் ஒரே நாளில் இருக்கின்றன. எது சரி என்று அந்தப் பிள்ளை கேட்டால் நாம் தெளிவாகவே சொல்லலாம். தோல் நிறம், முடி, மூக்கு ஆகியவற்றை வைத்து மனிதரைப் பிரித்த 'இனம்' என்ற வகைப்பாட்டுக்கு உயிரியலில் உறுதியான அடித்தளம் இல்லை. யுனெஸ்கோ 1950இலேயே இதுபற்றி அறிக்கை வெளியிட்டது. 1972இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின், மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அதாவது வில்லியனூர்ச் சந்தையில் அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கிடையே உள்ள வேறுபாடு சிறியதன்று; நமக்கும் தொலைநாட்டு மக்களுக்கும் இடையே இருப்பதாக நாம் எண்ணும் வேறுபாடு அவ்வளவு பெரியதும் அன்று. ஆனால் அந்த வகைப்பாட்டை வைத்து நடந்த அடிமை வணிகமும் நிறவெறி ஆட்சியும் மெய். இல்லாத ஒன்றின் பெயரால் இருக்கும் மனிதர் துன்பப்பட்டனர் என்பதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள். பேய் இல்லை, ஆனால் பேய் பிடித்ததென்று அடி வாங்கியவர் உண்டு அல்லவா?

இனி அந்த மாணவனின் கேள்வி. சாதியும் இனமும் ஒன்றா? அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் இதை நேராகவே எடுத்துப் பேசுகிறார். சென்னை மாகாணத்துப் பிராமணரும் அதே மாகாணத்துப் பறையரும் ஒரே இனத்தவர். சாதி என்பது ஒரே இனத்து மக்களைச் சமூகம் பிரித்த பிரிவு என்பது அவர் வாதம். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. சாதிக் கொடுமையை அங்கே பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின. சாதி இனம் ஆகாது என்று இந்திய அரசு மறுத்தது. ஆகவே மாணவனுக்கு நான் சொன்ன பதில்: "இரண்டும் ஒன்று இல்லை. ஆனால் பிறப்பை வைத்து ஒருவரைக் கீழே தள்ளும் வேலையை இரண்டும் செய்கின்றன." அதற்குமேல் அந்த வயதில் தேவையில்லை என்பது என் கணிப்பு.

மொழி, வழக்கம், வழிபாடு, பொது நினைவு ஆகியவற்றால் ஒன்றாக உணரும் மக்களையும் நாம் 'இனம்' என்றே சொல்கிறோம். இதற்கு 'இனக்குழு' என்ற சொல் பொருத்தமானது. தமிழர், சிங்களர் என்பவை இவ்வகை. வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உண்டு. அவர்களை வைத்தே இதை விளக்கலாம். ஆனால் யாரையும் எழுப்பி நிறுத்தி எடுத்துக்காட்டாக ஆக்க வேண்டாம்.

பழங்குடி என்பது மற்றொரு வகை, அதுவும் நமக்கு மிக அருகில் உள்ளது. புதுச்சேரிக்குப் பட்டியல் பழங்குடிகள் என்று ஒரு பட்டியலே நெடுங்காலம் இல்லை. 2016 டிசம்பரில்தான் குடியரசுத் தலைவர் ஆணை வழியாக இருளர் அப்பட்டியலில் இடம்பெற்றனர். வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களும் அதில் அடங்கும். அதுவரை இருளர் பிள்ளை ஒன்று இங்கே பழங்குடி என்று சான்றிதழ் பெற முடியாது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் இருந்த உறவுக்காரப் பிள்ளை பெறலாம். ஒரு சொல் பட்டியலில் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒரு குடும்பத்தின் கல்வி உதவித்தொகையை முடிவு செய்கிறது. இதை ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் 'வில்லி' என்ற சொல்லைச் சான்றிதழில் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சித் தொடரின் வில்லியை நினைத்துச் சிரிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வில்லை நினைவூட்டும் பழைய பெயர் அது என்று ஒரு நிமிடம் சொன்னால் போதும், சிரிப்பு நின்றுவிடும். நரிக்குறவர் என்று நாம் அழைக்கும் மக்கள் தம்மை 'வாக்ரி' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் மொழி வாக்ரிபோலி. நாம் வைத்த பெயர் ஒன்று, அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ஒன்று.

இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிற செய்தி தொடங்குகிறது. ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு? 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களுக்கு மாற்றாக 'ஆதி திராவிடர்' என்ற பெயர் அரசு ஆவணங்களுக்கு வந்தது. அப்போது நாம் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தோம். இன்று நம் நலத்துறையின் பெயர்ப்பலகையிலும் அந்தப் பெயரே இருக்கிறது. காந்தி பரப்பிய 'ஹரிஜன்' என்ற சொல்லை, அது அன்போடு சொல்லப்பட்டதுதான் என்றாலும், அம்மக்களில் பலர் ஏற்கவில்லை. 1982இல் ஒன்றிய அரசே அதை ஆவணங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. நம் பக்கத்து ஊர்ப் பெயர்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'பேட்' என்ற சொல்லைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கலாம். "எந்த ஊர்?" என்று கேட்டதும் ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தும் பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

பால்: இலக்கணம் சொல்வது

திணை, பால், எண், இடம் என்று ஆறாம் வகுப்பிலிருந்து நடத்துகிறோம். உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால். பலருக்கும் இலக்கணம் இத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்த பெயர்களைப் பற்றிப் பேசுகிறார். அவர்கள் உயர்திணை, அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை, ஆண்பால் வினையும் அவர்களுக்குப் பொருந்தாது என்கிறார். பேடி வந்தாள், பேடியர் வந்தார் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

13ஆம் நூற்றாண்டின் நன்னூல் ஒருபடி மேலே போகிறது. பவணந்தி முனிவர் பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பால் என்கிறார். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பால் என்கிறார். பாலைத் தீர்மானிப்பது உடல் அன்று, அவருடைய விருப்பம். இலக்கணப் புத்தகத்தில் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இது இருக்கிறது. அதே நூற்பாவில் அவ்விருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று ஒரு வழி விட்டிருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வழிதான் இன்றும் தெருவில் கேட்கிறது: "அது வருது பாரு." குழந்தை அழுகிறது என்று சொல்வதில் கனிவு இருக்கிறது. வளர்ந்த மனிதரை 'அது' என்பதில் அது இல்லை. பத்தாம் வகுப்பில் இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதிப் பேசிப் பாருங்கள். திணை வழு என்ற பாடம் ஒரு மணி நேரத்துக்கு உயிரோடு இருக்கும்.

தமிழுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் இன்று எந்தப் பிரதிப்பெயர் சொல்வது என்று பெரிய விவாதமே நடக்கிறது. நமக்கு 'அவர்' இருக்கிறது. 'அவர் வந்தார்' என்றால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது, மரியாதையும் சேர்ந்து வந்துவிடும்.

இக்காலச் சொற்களுக்கு வருவோம். பிறப்பின்போது உடற்கூற்றை வைத்துக் குறிப்பது 'பால்'. ஆண் இப்படி இருக்க வேண்டும், பெண் இப்படி இருக்க வேண்டும் என்று சமூகம் வகுத்து வைத்திருப்பது 'பாலினம்'. நான் ஆணா, பெண்ணா, வேறா என்று ஒருவர் தம்மைப் பற்றி உள்ளே உணர்வது 'பாலின அடையாளம்'. யார்மீது ஈர்ப்பு வருகிறது என்பது 'பாலீர்ப்பு'. நான்கும் வேறு வேறு. கடைசி இரண்டையும் கலந்துவிடுவதுதான் பெரியவர்களிடம்கூட அடிக்கடி காணப்படும் குழப்பம். திருநங்கை என்பது பாலின அடையாளத்தைக் குறிக்கும் சொல். அவர் யாரை விரும்புகிறார் என்பதை அச்சொல் சொல்லாது. உடற்கூறே ஆண், பெண் என்ற இரண்டு வரையறைக்குள் அடங்காமல் பிறப்பவர் ஊடுபால் மக்கள். இதை இடைப்பால் என்றும் எழுதுகிறார்கள். இவர்களும் திருநர் மக்களும் ஒன்றல்லர். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலை 'மாற்றும்' அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கும்படி உத்தரவிட்டது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது.

'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லைப் பற்றித் தமிழாசிரியனாக ஒரு வார்த்தை. மேலே சொன்ன 'இனம்' இங்கேயும் வந்து நிற்கிறது, இம்முறை பால் என்ற பொருளில். மனிதர் அனைவரும் ஓரினம் என்று அறிவியல் வகுப்பில் சொல்லிவிட்டு இப்படி ஒரு சொல்லை வைத்திருப்பது முதல் பிழை. மனிதரின் இயல்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு செயலை மட்டும் சொல்வது இரண்டாம் பிழை. ஆண் பெண் இருவர் காதலித்தால் அவர்களைச் 'சேர்க்கையாளர்' என்றா அழைக்கிறோம்? 'தன்பாலீர்ப்பு' என்பது இவ்விரண்டு பிழையும் இல்லாத சொல். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு குற்றமாக்க முடியாது என்று தீர்ப்பளித்த பிறகு, செய்தித்தாள்களிலும் இச்சொல் மெல்லப் பரவி வருகிறது.

அலி முதல் திருநங்கை வரை

சித்திரை மாதத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவை எல்லோரும் அறிவர். நம் புதுச்சேரிப் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் கோயில் விழா நடக்கிறது. திருநங்கையர் வந்து தாலி கட்டிக்கொள்வதும், அரவான் களப்பலிக்குப் பின் தாலி அறுப்பதும் நம் பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே பார்த்து வளர்ந்த காட்சிகள். அந்த அரவானின் பெயரிலிருந்து வந்ததுதான் 'அரவாணி'. 'அலி' என்ற பழைய வசைக்கு மாற்றாக 1990களில் அது பரவியது. பிறகு, ஒரு புராணக் கதையின் விதவையாக மட்டும் எங்களை ஏன் அடையாளப்படுத்த வேண்டும் என்று அவர்களிலேயே பலர் கேட்டனர். மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'திருநங்கை' என்ற சொல் அரசு வழக்குக்கு வந்தது. 2008இல் தமிழ்நாட்டில் அவர்களுக்கென நல வாரியமும் அமைந்தது. பெண்ணாகக் குறிக்கப்பட்டுப் பிறந்து ஆணாக வாழ்பவர் 'திருநம்பி'. இருவருக்கும் பொதுவாகத் 'திருநர்' என்பது வழக்கில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் 'மூன்றாம் பாலினத்தவர்' என்று மாற்ற முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. முதலாவது யார், இரண்டாவது யார், நாங்கள் ஏன் மூன்றாவது என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது.

வீட்டை விட்டு வெளியேறிய இளம்பெண் இணை ஒன்றின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். அதற்கு முன் அவர் செய்தது ஆசிரியர்களாகிய நமக்குப் பாடம்: இதைப் பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே அமர்ந்து கற்றுக்கொண்டார். பள்ளிகளுக்கும் அந்த ஆணையில் வழிகாட்டுதல் இருக்கிறது. விண்ணப்பங்களில் மூன்றாவது கட்டம், பால் வேறுபாடற்ற கழிப்பறை, சான்றிதழில் பெயர் மாற்ற வழி, பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோரிடம் பேசுதல் ஆகியவை அவற்றில் சில. சென்னை உயர் நீதிமன்றமே புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் என்பதை நினைவில் கொள்வோம். அதே வழக்கின் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இம்மக்களைக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அம்மக்களையும் கலந்து உருவாக்கிய பட்டியல் அது. நமக்கு அது சட்டமன்று. ஆனால் மொழி ஒன்றுதானே!

ஒன்பதாம் எண்

இவ்வளவு சொன்னபிறகும் வகுப்பில் நடப்பது வேறு. வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் வந்தால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கும். 'ஒன்பது' என்பது நம் ஊரில் வசைச்சொல். அந்த எண்ணுக்குரிய பையன் ஆண்டு முழுவதும் தலை குனிந்தே "உள்ளேன் ஐயா" சொல்வான். கணக்கு வகுப்பில் விடை ஒன்பது என்று வந்தாலும் அதே சிரிப்பு. பாகூர்ப் பக்கம் பணிபுரியும் கணக்காசிரியை ஒருவர் இதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடித்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்று, "எதற்குச் சிரித்தீர்கள், சொல்லுங்கள், நானும் சிரிக்கிறேன்" என்று இயல்பாகக் கேட்டார். யாரும் சொல்லவில்லை. உரக்கச் சொல்ல முடியாத சொல்லுக்கு ஏன் சிரிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, ஒன்பதின் பெருக்கல் வாய்பாட்டில் இலக்கங்களைக் கூட்டினால் மீண்டும் ஒன்பதே வரும் வித்தையைக் காட்டினார். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தபின் சிரிப்பு குறைந்தது. முழுவதும் நின்றுவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இது விளையாட்டுச் செய்தி அன்று. பிள்ளையார்குப்பம் விழாவில் சந்தித்த ஒரு திருநங்கை, தான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதைச் சொன்னார். எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. வீட்டில் அடித்தது பொறுத்துக்கொள்ள முடிந்தது, பள்ளியில் கழிப்பறைக்குப் போக முடியாததுதான் தாங்க முடியவில்லை என்றார். பையன்கள் கழிப்பறையில் நுழைய பயம். பெண்கள் கழிப்பறையில் நுழைந்தால் உதை. காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பாராம். ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று நாம் படிவத்தில் எழுதும் காரணங்களில் இது எதற்குள் அடங்கும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'பிற' என்ற பிரிவில் நாடு முழுதும் பதிவானவர் 4,87,803 பேர். அவர்களுள் 54,854 பேர் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் பலர் அதன்பின் ஏதோ ஒரு பள்ளியின் முதல் வகுப்பில் சேர்ந்திருப்பார்கள். பள்ளிகளின் தரவுகளைத் திரட்டும் யூடைஸ் பதிவில் மூன்றாவது கட்டம் இருக்கிறது. எத்தனை பள்ளிகளில் அதை நிரப்புகிறோம்?

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநர் மக்களின் அடையாள உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், கல்வி நிறுவனங்கள் அவர்களைப் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது. 2021இல் என்.சி.இ.ஆர்.டி. இதுபற்றி ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றை வெளியிட்டது; எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. எனவே கையேடு வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

நான் வகுப்பில் பின்பற்றுபவற்றைச் சொல்கிறேன். உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். தொடக்க வகுப்புகளில் இச்சொற்கள் எதுவும் தேவையில்லை. "கறுப்பி", "குட்டையா", "பொட்டை மாதிரி அழாதே" போன்றவற்றை விடாமல் தடுப்பதே அங்கே முழுப் பாடம். பையன் கோலம் போட்டால் போடட்டும், பெண் கபடி ஆடினால் ஆடட்டும். அதை வைத்து இவன் இப்படி, இவள் அப்படி என்று நாமே முடிவு கட்டக் கூடாது. நடனம் ஆடும் பையன் எல்லாம் திருநங்கை ஆவதில்லை; ஆசிரியர் அறையில் அந்த வகைப் பேச்சு தொடங்கினால் முதலில் அதை நிறுத்துங்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் திணை, பால் பாடத்தோடு சேர்த்துச் சொற்களை அறிமுகப்படுத்தலாம். ஒன்பது, பத்தில் சட்டமும் தீர்ப்பும் சமூக அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து பேசத்தக்கவை.

ஒரு பிள்ளை நம்மிடம் தனியே வந்து தன்னைப் பற்றிச் சொன்னால் அது நம்மிடம் ஒப்படைத்த பொருள். வீட்டுக்குச் சொல்லலாமா, தலைமையாசிரியருக்குச் சொல்லலாமா என்பதை அந்தப் பிள்ளையைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கிராமத்தில் ஒரு சொல் வெளியே போனால் மாலைக்குள் டீக்கடைக்குப் போய்விடும். இரவுக்குள் வீட்டில் அடி விழும். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் 1098 குழந்தைகள் உதவி எண்ணை நாடலாம். புதுச்சேரியில் இத்துறையில் நீண்ட நாள் பணியாற்றிவரும் 'சகோதரன்' போன்ற அமைப்புகளிடம் ஆசிரியர்கள் ஆலோசனை பெறலாம். எந்தப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்பதைத் தனியாக இருக்கும்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எல்லார் முன்னிலையிலும் எந்தப் பெயர் வேண்டும் என்பதையும் கேளுங்கள், ஏனெனில் இரண்டும் வேறாக இருக்கலாம்.

பெயர் மாற்றத்தில் ஒரு நடைமுறைச் செய்தி. 2019 சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் பெற விண்ணப்பிக்கலாம். பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் விண்ணப்பிக்க வேண்டும். அச்சான்றிதழை வைத்து மற்ற ஆவணங்களிலும் பெயரைத் திருத்தக் கோரலாம். பழைய மாணவர் ஒருவர் அப்படி வந்து நின்றால், மாற்றுச் சான்றிதழ்ப் பேரேட்டைத் தேடி எடுக்கும் நேரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அலுவலகத்தின் வெளியே நிற்க வைத்து, பழைய பெயரை உரக்கக் கூப்பிட வேண்டாம்.

கழிப்பறைக்கு என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். புதிய கட்டடம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கென்று பல பள்ளிகளில் தனிக் கழிப்பறை இருக்கிறது. சாய்தளமும் கைப்பிடியும் வைத்துக் கட்டியது. பெரும்பாலும் அது பூட்டியே கிடக்கும், அல்லது துடைப்பமும் சுண்ணாம்பு வாளியும் வைத்திருக்கும். அந்தச் சாமான்களை வேறிடத்தில் வைத்துவிட்டு, பூட்டை எடுத்துவிட்டு, உள்ளே நல்ல தாழ்ப்பாள் ஒன்று போட்டு, கதவில் எந்தப் படமும் ஒட்டாமல் விட்டால் போதும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் அது திறந்திருக்கும்.